ஐந்தாவது ஏன்

மேகலா முதலாளி ஆனது அவளைக் கேட்டு நடந்த காரியம் இல்லை. அன்றைக்கு அவள் ரோஜாப் பண்ணையின் பேக்கிங் ஷெட்டில் காம்பின் நீளம் பார்த்துப் பூக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் குருமூர்த்தி போன் செய்து, ஆதார் கார்டும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு உடனே ஓசூருக்கு வா என்றான். எதற்கு என்று கேட்டதற்கு, வா சொல்கிறேன் என்றான். போனாள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது அவள் ‘மேகலா இன்ஜினியரிங் ஒர்க்ஸ்’ என்கிற தொழிற்கூடத்தின் உரிமையாளர். அப்போதும் அவள் கவலையெல்லாம், பாதி நாளில் சொல்லாமல் கிளம்பி வந்ததற்குப் பண்ணை சூப்பர்வைசர் என்ன சொல்வாரோ என்பதுதான்.

விஷயம் இதுதான். குருமூர்த்தி பதினாறு வருஷம் வேலை பார்த்த பெரிய கம்பெனியில், வண்டி கியருக்குப் போகும் சின்னச் சின்ன பின்களைச் சாணை பிடித்து அளவுக்குக் கொண்டுவரும் பிரிவை மூடிவிட்டார்கள். உள்ளே செய்வதைவிட வெளியே செய்து வாங்கினால் தேவலை என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதற்கு ஒரு திட்டம்: பழைய கிரைண்டிங் மிஷினை, வேலையை விட்டுப் போகச் சம்மதிக்கிற ஒரு தொழிலாளிக்குக் கொடுப்பது. அவர் வெளியே ஷெட் போட்டு, அதே பின்னை அதே கம்பெனிக்குச் செய்து தருவது. தொழிலாளி முதலாளி ஆகிறார், கைதட்டுங்கள் என்றார்கள். பெண்கள் பேரில் ஆரம்பித்தால் அரசாங்கச் சலுகை உண்டு என்று இன்னொருவர் காதில் ஓதினார். மேகலாவின் ஆதார் கார்டுக்கு யோகம் அடித்தது அப்படித்தான்.

அந்த மிஷின் முதலில் குருமூர்த்தியைத் தேடி வந்ததும் இல்லை. பிரிவிலேயே மூத்தவர் கரியப்பன். பின்னை விரலில் உருட்டியே மைக்ரான் சொல்லக்கூடியவர் என்று பேர். அவரைத்தான் முதலில் கேட்டார்கள். ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் வந்து வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்ட குருமூர்த்தியிடம் அவர் சொன்ன பதிலை, ஷெட் இருக்கிற தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

“எனக்கு அஞ்சரை மணி அடிச்சா வூட்டுக்குப் போவணும்ப்பா. முதலாளிக்கு அஞ்சரை மணி எப்ப அடிக்கும், சொல்லு?”

மிஷின் வேண்டாம், ஓட்ட வேண்டுமானால் வருகிறேன் என்று குருமூர்த்தியிடமே ஆபரேட்டராகச் சேர்ந்துகொண்டார். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டக் கத்தரியை மேகலா கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் கம்பெனியின் பெரிய அதிகாரி நிற்கிற அந்தப் போட்டோ ஷெட் சுவரில் இன்னும் இருக்கிறது. அதில் மேகலா வாய் நிறையச் சிரிக்கிறாள். ஒரு நாள் கூத்து, போட்டோ எடுத்ததும் முடிந்துவிடும் என்று நினைத்துச் சிரித்தது.

கூத்து ஒரு நாளில் முடியவில்லை. இரண்டே வருஷத்தில் குருமூர்த்திக்கு அலுத்துவிட்டது. மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்ததும், வீட்டில் ஒருவர் தொழிலிலும் ஒருவர் வேலையிலும் இருந்தால்தான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்று விளக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். பேர் உன் பேரில்தானே இருக்கிறது என்றான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்பாள் மேகலா. அவள் சொல்வாள், நான் சொல்லமாட்டேன். தினமும் மாநில எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்புகிறவன் அவன். தெருமுனைக் கடைக்குப் போகவே மணி பார்க்கிறவள் இவள்.

மணி பார்க்காமல் என்ன செய்வது? கம்பெனி வண்டி காலை எட்டுக்கு ஒரு முறை, மத்தியானம் மூன்றுக்கு ஒரு முறை வந்து பின்களை எடுத்துப்போகும். கம்பெனியில் அரை நாளைக்கான பின்தான் கையிருப்பு வைப்பார்கள். இங்கே ஒரு வண்டி தவறினால் அங்கே கியர் பூட்டுகிற லைன் நின்றுவிடும். ‘லைன் நின்னுடும் மேடம்’ என்ற இந்த மூன்று வார்த்தையை எட்டு வருஷமாகக் கேட்டுக்கேட்டு, ஜுரம் வந்தாலும் மேகலாவுக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும். வேறு கம்பெனிக்கு எதுவும் செய்துகொடுக்கலாமே என்றால், இந்த மிஷினில் இந்தக் கம்பெனி பின்னைத் தவிர வேறு எதுவும் ஓட்டுவதில்லை என்றும் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். காட்டிய இடத்தில் எல்லாம் போட்டாள் அல்லவா.

ஷெட்டுக்குப் பின்னாலேயே இரண்டு அறை. அதுதான் வீடு. அக்கா சாந்தம்மா பேரிகையில் இருக்கிறாள். ஓசூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மேகலா போகவில்லை. அக்கா பேத்தியின் காதுகுத்துக்குப் போகவில்லை. அக்கா வீட்டுக்காரருக்குக் கால் முறிந்து கிடந்தபோது, மூன்று மணி வண்டியை அனுப்பிவிட்டுக் கிளம்பி, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள். நீ பின் செய்யலன்னா நாட்டுல வண்டியே ஓடாதாடி என்று சாந்தம்மா கேட்பாள். கிண்டலாகத்தான் ஆரம்பிப்பாள், முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் ஷெட் நிற்கும். ஆயுத பூஜைக்கு. அதற்கு முந்தைய ஒரு வாரம் கூடுதலாக ஓட்டி, ஒன்றரை நாளைக்கான பின்னை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். சாமி கும்பிட்ட ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி அன்று மறுபடி பூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதால், கம்பெனியும் ஒன்றும் சொல்வதில்லை. ஆணியில் தொங்குகிற பெரிய பித்தளைப் பூட்டுக்கு அன்றைக்கு ஒரு நாள்தான் வேலை. மற்ற நாளெல்லாம் யாராவது பின்னால் இருப்பதால் ஷட்டரை உள்ளிருந்தே தாழ்போட்டுக்கொள்வார்கள். ஆயுத பூஜை காலையில் சாமி கும்பிட்டதும் பூட்டை எடுத்து, எண்ணெய் விட்டு, வெளியிலிருந்து பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பேரிகை பஸ் ஏறுவாள் மேகலா. அந்தச் சாவி இடுப்பில் இடிக்கும்போது அவளுக்கு வருகிற சந்தோஷம் ரிப்பன் வெட்டிய அன்றுகூட வந்ததில்லை.

போன வருஷமும் அப்படித்தான். மிஷினைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் வாங்கி, பொரிகடலை வைத்து, ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். மிஷினுக்கு, சாணைக்கல்லுக்கு, தராசுக்கு, கரியப்பன் அளவு பார்க்கிற மைக்ரோமீட்டர் பெட்டிக்கு. கடைசியில் வளையங்கள்.

அந்த வளையங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு இரும்பு வளையம். கம்பெனி நம்பர் குத்தியிருக்கும், கேஜ் என்பார்கள். ஒன்றுக்குள் பின் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பின் தடிமன். இன்னொன்றுக்குள் நுழையக் கூடாது. நுழைந்துவிட்டால் பின் மெலிசு. அளவில் தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம் இருக்கலாம். கரியப்பன் வராத நாளில் மிஷினையும் ஓட்டுவாள்; மற்றபடி மேகலாவின் வேலை இதுதான்: ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் பின்களை ஒவ்வொன்றாக இரண்டு வளையத்திலும் விட்டுப் பார்ப்பது. கட்டைவிரலில் காய்ப்புக் காய்த்துவிட்டது. சில நாள் தூக்கத்திலும் விரல் பின்னை உருட்டும்.

வளையங்களில் எப்போதும் எண்ணெய் பூசித்தான் வைப்பார்கள். எண்ணெய் மேல் சந்தனம் நிற்குமா? துணியால் அழுத்தித் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இல்லாமல் எடுத்தாள். வெளியே ஒரு பொட்டு வைத்தால் போதும். அவளுக்கு என்ன தோன்றியதோ, தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை இரண்டு வளையத்தின் ஓட்டையிலும் சுற்றிச் சுற்றி அப்பினாள். அதன் மேல் குங்குமத்தை வாரி வைத்தாள். ஒன்றரை நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இரு என்று அதனிடம் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். பக்தி என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கே தெரியும், அது பக்தி இல்லை.

பேரிகையில் அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள். மிஷின் சத்தம் இல்லாத தூக்கம். விஜயதசமி மத்தியானம் திரும்பி வந்து, கற்பூரம் காட்டி, சந்தனத்தைத் துணியால் துடைத்து எண்ணெய் தடவி, மறுபடி வளையமும் கையுமாக உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே கரியப்பன் கேட்டார்.

“மேகலாம்மா, மைக்ரோமீட்டர்ல அளவு சரியா வருது. உன் வளையத்துல நுழைய மாட்டன்னுது. ஒரு தடவ பாத்துக்கம்மா.”

பார்த்தாள். பின் வளையத்துக்குள் போகவில்லை. அவளுக்குப் பழகிப்போன பதில் வாயில் தயாராக இருந்தது.

“வளையம் கம்பெனியோடதுண்ணா. அது சொல்றதுதான் கடைசி. இன்னும் கொஞ்சம் சாணை புடிங்க.”

அவர் பின்னைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் வேலை தெரிந்தவர். ஆனால் முதலாளி சொன்னால் தொழிலாளி கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் சாணை பிடித்தார். பின் வளையத்துக்குள் போயிற்று. மூன்று நாள் அப்படியே போயிற்று.

நாலாம் நாள் கம்பெனியில் லைன் நின்றது. நாற்பது நிமிஷம். கியரில் பின் லொடலொடவென்று ஆடியதாம். மூவாயிரத்துச் சொச்சம் பின்னும் தட்டுத்தட்டாகத் திரும்பி வந்து ஷெட் வாசலில் இறங்கியது. அதற்குப் பின்னாலேயே பைக்கில் ஹரீஷ்குமார் வந்தான். கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிற பையன். சேலத்துக்காரன், இருபத்தேழு வயசு இருக்கும். கெட்டவன் இல்லை. கம்பெனி விஷயம் பேசினால் மேடம் என்பான், சொந்த விஷயம் என்றால் அக்கா என்பான். அன்றைக்கு வந்ததிலிருந்து மேடம்தான்.

ஒரு தாளை நீட்டினான். அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து கட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘ஏன்’ என்று போட்டிருந்தது. தப்பு ஏன் நடந்தது, அது ஏன், அந்த அது ஏன் என்று ஐந்து முறை தோண்டினால் ஆணிவேர் கிடைத்துவிடுமாம். அந்த ஆணிவேரைப் பிடுங்க என்ன செய்வோம் என்று கடைசியில் எழுத வேண்டும். நாளைக் காலை பதினொரு மணிக்குள் அவன் மேனேஜரிடம் இது போக வேண்டும்.

போகும்போது, கரியப்பன் காதில் விழாத தூரத்துக்கு வந்ததும் அவன் குரலைத் தணித்து அக்கா என்றான். ஆபரேட்டர் தப்பு என்று எழுதிவிடுங்கள், அந்த ஆளை நிறுத்திவிட்டு வேறு ஆள் போட்டோம் என்று புது ஆளின் போட்டோவை ஒட்டுங்கள், இரண்டு நாளில் இந்தப் புகாரை முடித்துவிடலாம் என்றான். ஷெட்டே சரியில்லை என்று வந்தால் ஆர்டரை நிறுத்திவைப்பார்கள், அதற்கப்புறம் தன் கையில் எதுவும் இல்லை என்றான். நல்லதற்குத்தான் சொன்னான், பாவம்.

அவன் போனதும் மேகலா வளையங்களை எடுத்துப் போன் டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். இரண்டிலும் ஓட்டையின் சுவர் முழுக்க மெலிசாகத் துரு. துருவுக்குள் அங்கங்கே குங்குமம் சிக்கி, துடைத்தும் போகாத சிவப்பு. எண்ணெயைத் துடைத்தெடுத்து, ஈரச் சந்தனத்தை அப்பி, ஒன்றரை நாள் மூடி வைத்தால் இரும்பு வேறென்ன செய்யும்? ஓட்டை குறுகியிருந்தது. சரியான பின்னை ஒரு வளையம் தடிமன் என்று சொல்லியிருக்கிறது; மெலிசான பின்னை இன்னொன்று சரி என்று சொல்லியிருக்கிறது. கரியப்பன் சொன்னதுதான் சரி. வாயை மூடு என்று அவள் சொன்ன வளையம் மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. டார்ச்சை அணைத்தாள்.

நிமிர்ந்தால் கரியப்பன் நிற்கிறார். அவரும் பார்த்துவிட்டார். எப்போது பார்த்தார், விஜயதசமி அன்றேவா, இப்போதுதானா என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

“என் பேர எழுதிக்கம்மா,” என்றார். “பர்கூர்ல கிரானைட் பாலிஷ் போடற எடத்துல மச்சான் இருக்கறான். எங்கயாச்சும் ஓட்டிக்குவன்.”

ஐம்பத்தேழு வயசு. கிரானைட் பட்டறையில் தண்ணீரிலும் தூசியிலும் நின்று பாலிஷ் போட அந்த முட்டி தாங்குமா என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இந்தத் தெருவில் வேறு ஷெட்டுக்கும் போக முடியாது. எல்லா ஷெட்டும் அதே கம்பெனிக்குத்தான் ஓடுகிறது. அந்தத் தாளில் பேர் ஏறிய ஆபரேட்டரை ஒருத்தரும் சேர்க்கமாட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் அந்த மனுஷர் சொல்கிறார். சொல்லிவிட்டு, மணி ஐந்தரை ஆனதால், கை கழுவிக்கொண்டு டிபன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குருமூர்த்தி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் யோசித்தான். அவரே சொல்லிவிட்டார் அல்லவா, எழுதிவிடு, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றான். அதோடு அவனுக்கு விஷயம் முடிந்தது.

மேகலாவுக்கு முடியவில்லை. அவர் பேரை எழுதுவது அநியாயம், அது தெரிந்ததுதான். ஆனால் நியாயத்தை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். உண்மையை எழுதினால் ஆர்டர் நிற்கும். ஆர்டர் நின்றால் மிஷின் நிற்கும். மிஷின் நின்றால் எட்டு மணி வண்டி வராது, மூன்று மணி வண்டி வராது. கரியப்பனுக்கும் வேலை போகும்தான், ஆனால் கெட்ட பேரோடு போகாது. வேறு ஷெட்டில் சேர்ந்துகொள்வார். அவளும் ரோஜாப் பண்ணைக்குத் திரும்பலாம். காலையில் போய், ஐந்தரைக்கு வந்துவிடலாம். நினைக்க நினைக்க நெஞ்சு படபடத்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். சொந்த ஷெட் மூடப்போகிறதே என்று சந்தோஷப்படுகிற முதலாளி உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் சந்தோஷம் போகவில்லை.

மறுநாள் பத்தரைக்கே ஹரீஷ்குமார் வந்தான். மேகலா தாளை வெறுமையாகத்தான் வைத்திருந்தாள். நீங்கள் கேளுங்கள், நான் சொல்கிறேன், நீங்களே எழுதுங்கள் என்றாள். கரியப்பன் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் இங்கே.

“பின் ஏன் மெலிசாச்சு?”

“வளையத்துல போவலன்னு நான்தான் இன்னும் சாணை புடிக்கச் சொன்னன். அண்ணன் சரியாத்தான் ஓட்டுனாரு. மைக்ரோமீட்டர்ல சரியா இருக்குதுன்னும் சொன்னாரு. நான் கேக்கல.”

ஹரீஷ்குமார் பேனாவை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். இப்படி ஒரு பதிலை அவன் எந்த ஷெட்டிலும் கேட்டதில்லை. யோசித்துச் சொல்லுங்கள் மேடம் என்றான். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றாள். எழுதினான்.

“சரி. வளையத்துல ஏன் போகல?”

“உள்ள துரு.”

“ஏன் துரு புடிச்சுது?”

“எண்ணெயத் தொடச்சிட்டு சந்தனம் வெச்சன். குங்குமம் வெச்சன். ஒன்ற நாள் அப்படியே இருந்துது.”

மிஷின் பக்கம் கரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். ஹரீஷ்குமாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவன் வீட்டிலும் அம்மா லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கிறவள்தான். அடக்கிக்கொண்டு எழுதினான். மூன்று கட்டம் முடிந்தது.

“ஒன்றரை நாள் ஏன் அப்படியே இருந்துச்சு?”

“மிஷின் நின்னிருந்துது.”

“மிஷின் ஏன் நின்னுது?”

“ஆயுத பூஜை. ஷெட்ட மூடிட்டு எங்க அக்கா ஊட்டுக்குப் போயிருந்தன்.”

ஐந்தாவது கட்டத்தில் அதை எழுதிவிட்டு அவன் தாளை மேலிருந்து படித்துப் பார்த்தான். மேகலாவும் பார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். ஆர்டரை எப்போதிலிருந்து நிறுத்துவார்கள் என்று அவளே கேட்டாள். குரல் கொஞ்சம் ஆவலாக வந்துவிட்டதோ என்று பயந்தாள்.

அவனுக்கு அந்த ஆவல் புரியவில்லை. பயந்து கேட்கிறாள் என்று நினைத்தான்.

“சேச்சே, ஆர்டர எதுக்கு நிறுத்தறாங்க? எந்த ஷெட்டுக்குப் போனாலும் ஆபரேட்டர் மேல பழியப் போட்டு எழுதித் தராங்க. நீங்க உண்மையான ஆணிவேரச் சொல்லிட்டீங்க. உங்கள மாதிரி ஒருத்தர யாராச்சும் விடுவாங்களாக்கா?”

அக்கா என்றது அவளுக்குக் காதில் விழுந்தது. அவன் முகமெல்லாம் தெளிவு. ஐந்தாவது ஏனுக்குப் பதில் கிடைத்துவிட்டதே, ஷெட் மூடியது. அப்படியென்றால் ஆணிவேரைப் பிடுங்கும் வழியும் தானே வந்துவிட்டது. இனிமேல் ஷெட் மூடப்படாது. அதைத்தான் கடைசி வரியில் எழுத ஆரம்பித்தான்.

மேகலா பதறிப்போனாள். இனிமேல் வளையத்துக்குப் பொட்டு வைக்கமாட்டேன், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அது ஆளை நம்புகிற விஷயம், ஆள் மறந்துவிடலாம், மேனேஜர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றான். பூஜைக்கு முன்னால் வளையத்தைக் கம்பெனியிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றாள். அதுவும் ஆள் ஞாபகம் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டிய விஷயம்தானே என்றான். மிஷின் ஓடினால் வளையம் கையில் இருக்கும், கையில் இருந்தால் எண்ணெய் இருக்கும், துரு வராது. அதுதான் நிரந்தரத் தீர்வு என்று பொறுமையாக விளக்கினான். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. எதிர்த்துச் சொல்ல அவளிடம் ஒரு ஏன்கூட மிச்சமில்லை.

எழுதி முடிக்கும்போது அவனுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது.

“ஆபரேட்டருக்கு அன்னிக்குப் பண்டிகை லீவு குடுத்துடணும் மேடம். இல்லன்னா ஆடிட்ல மாட்டிக்குவோம். நீங்க ஓட்டுவீங்கல்ல? ஓனருக்கு லீவு ரூல் எதுவும் கெடையாது, அதனால பிரச்சன இல்ல.”

கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினான். அவள் போட்டாள்.

இரண்டு மாசம் கழித்து ஓசூரில் ஒரு பெரிய ஹோட்டலில் கம்பெனி நடத்திய கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மூன்று மணி வண்டிக்குக் கரியப்பனை இருத்திவிட்டுப் போனாள். உண்மையான காரணத்தைத் துணிந்து சொன்ன சிறுதொழில் முனைவோர் என்று மேடையில் ஏற்றிக் கண்ணாடியில் ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். எப்படி இந்தத் தொழிலை ஆரம்பித்தீர்கள் என்று மைக்கை நீட்டினார்கள். ஆதார் கார்டு எடுத்துக்கொண்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. கம்பெனி கொடுத்த வாய்ப்பு என்று சொன்னாள். கைதட்டினார்கள். ஷீல்டு இப்போது ரிப்பன் வெட்டிய போட்டோவுக்குக் கீழே இருக்கிறது.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. தெருவில் எல்லா ஷெட்டிலும் வாழைக்கன்று, மாவிலை, சீரியல் பல்பு. பதினோரு மணிக்கெல்லாம் ஒவ்வொரு ஷட்டராக இறங்க ஆரம்பித்தது. தெரு அடங்கியதும் மேகலாவின் மிஷின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. குருமூர்த்தி அவன் கம்பெனி பூஜைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அத்திப்பள்ளிக்குப் போயிருந்தான். சாந்தம்மா காலையில் ஒரு முறை போன் செய்தாள். எத்தனை மணி பஸ்ஸுக்கு வருகிறாய் என்று கேட்டாள். மேகலா சொன்னதைக் கேட்டுவிட்டு, அவள் திட்டவில்லை. சரி என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று மேகலாவுக்கு இருந்தது.

மத்தியானம் கரியப்பன் வந்தார். வெளுத்த வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் பித்தளைத் தட்டு. தட்டில் பொரிகடலை, பழம், சந்தனம், குங்குமம், ஒரு கட்டிக் கற்பூரம். லீவு நாளில் வராதீங்க, யாராவது பார்த்தால் ஆடிட்டில் கேட்பார்கள் என்றாள். சாமி கும்பிட வந்ததுக்கு எந்த ஆடிட்டும் இல்ல என்றார். ஒரு நிமிஷம் மிஷினை நிறுத்தச் சொல்லலாமா என்று பார்த்தார். அவருக்கே தெரியும், சாணைக்கல் ஒரு தடவை நின்று ஓடினால் அளவு நிலைக்க அரை மணி நேரம் பிடிக்கும். மூன்று மணி வண்டி இருக்கிறது. தட்டோடு நின்றார்.

பொட்டு வைக்க இடம் இல்லை. மிஷின் ஓடுகிறது, மேலெல்லாம் தண்ணீரும் எண்ணெயும் வழிகிறது. மைக்ரோமீட்டர் கையெட்டும் தூரத்தில் வேலையில் இருக்கிறது. வளையம் இரண்டும் மேகலாவின் கையில், எண்ணெயில் மின்னிக்கொண்டு.

“எதுக்கும்மா வெக்கறது?” என்று கேட்டார் கரியப்பன்.

மேகலா சுற்றிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து, மிஷினை அவர் பார்த்துக்கொள்ள, போய் ஆணியில் தொங்கிய பித்தளைப் பூட்டை எடுத்து வந்தாள். போன வருஷம் விட்ட எண்ணெய் அதில் இன்னும் காயாமல் இருந்தது. வேஸ்ட் துணியை எடுத்து அதன் கொக்கியை, வளைவை, சாவித் துவாரத்தை எல்லாம் பிசுக்கு இல்லாமல் அழுத்தித் துடைத்தாள். சந்தனத்தைக் குழைத்துச் சாவித் துவாரத்தின் மேலேயே கனமாக வைத்தாள். அதன் மேல் குங்குமம்.

“உள்ள இரும்பு ஸ்பிரிங் துரு புடிச்சுக்கும்மா,” என்றார் கரியப்பன்.

“புடிக்கட்டும்ண்ணா. இத யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.”

கற்பூரத்தை ஏற்றினார். அவள் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது; கற்பூரப் புகை என்று சொல்லிக்கொள்ளவில்லை, அழத்தான் செய்தாள். அவர் பழத்தையும் பொரியையும் ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, வீட்டில் சம்சாரம் காளியம்மாள் சாப்பிடாமல் காத்திருப்பாள் என்று கிளம்பினார். மேகலா பூட்டை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, தட்டிலிருந்து அடுத்த பின்னை எடுத்தாள். மணி இரண்டேகால். இன்னும் முந்நூறு பின் பார்க்க வேண்டியிருந்தது.